அரிசி வண்டின் ஓடு எப்படிக் கறுக்கிறது?

முறத்தில் அரிசியைப் பரப்பியதும் ஓரம் பார்த்து ஓடுமே, அந்த வண்டுதான். வேளாண்மை நூல்களில் கூன்வண்டு. நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கழுத்துப் பகுதி முழுக்க நெருக்கமாகச் சிறு குழிகள், முன்னிறக்கைகளில் நான்கு செம்மஞ்சள் புள்ளிகள். தலை நீண்டு மூக்காகியிருக்கிறது. வாய் அதன் நுனியில். நடுவில் மடங்கிய உணர்கொம்புகளும் மூக்கிலிருந்தே கிளம்புகின்றன. பெண்ணுக்கு மூக்கு மெலிந்து நீண்டிருக்கும். ஆணுக்குக் குட்டை, தடிமன், சொரசொரப்பு. தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்ததாக நடிக்கும். அரிசி பொறுக்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மூக்கை விடவும் ஓடுதான் விசேஷம். அது இறுகிக் கறுக்க டைரோசின் என்ற அமினோ அமிலம் நிறைய வேண்டும். அரிசியோ பெரும்பாலும் மாவுச்சத்து. பிறகு எப்படி?

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றாடச் சமையலை வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். பந்தி பரிமாற வேண்டுமென்றால் சமையல் கோஷ்டி வர வேண்டும். வண்டின் கோஷ்டி, சோடாலிஸ் என்ற பாக்டீரியா. தாய் அதை முட்டையோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறது.

பெண் வண்டு அரிசியைக் குடைந்து, குழிக்கு ஒரு முட்டை வைத்து, பசையால் அடைக்கும். காலில்லாத வெள்ளைப் புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகிறது. புதிதாக உருமாறிய வண்டின் உடம்பு வெளிறி மெத்தென்றிருக்கும். முகூர்த்தம் அப்போதுதான். குடலை ஒட்டிய செல்களுக்குள் பாக்டீரியா மளமளவென்று பெருகி, ஃபினைலாலனினையும் டைரோசினையும் அண்டா அண்டாவாக இறக்குகிறது. ஓடு செம்பழுப்பாகி இறுகத் தொடங்குகிறது. சில நாள் அரிசிக்குள்ளேயே இருந்துவிட்டு, துளை போட்டு வெளியே வரும்.

பந்தி முடிந்தால் நாம் சம்பளமும் தாம்பூலமும் கொடுத்து அனுப்புவோம். வண்டு சமையல்காரர்களையே செரித்துவிடுகிறது! ஓடு தயாரானபின், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் குடலில் இருந்த பாக்டீரியா காலி. பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2014-இல் இதை விளக்கினார்கள். சினைப்பையில் இருப்பவை மட்டும் தப்பிக்கும். அடுத்த கல்யாணத்துக்கு ஆள் வேண்டுமே.

கோஷ்டியே இல்லாமல் ஆய்வகத்தில் வளர்த்த வண்டுகளும் பிழைத்தன. ஆனால் ஓடு மெலிந்து வெளிறியது, பறக்கவும் முடியவில்லை.

டப்பாவில் செம்பழுப்பாக ஒன்றும் கருகருவென்று ஒன்றும் அகப்பட்டால் இரண்டு இனம் என்று முடிவுகட்ட வேண்டாம். முதலாவதற்கு அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கலாம்.