பணம் வாங்க பின் நம்பர் எதுக்கு? யுபிஐ சொல்லும் டிசைன் பாடம்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில், பாலவனத்தத்தில் இறங்கி ஒரு டீ குடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்பியதும் ஸ்பீக்கர் பெட்டி தொகையைத் தமிழில் சொல்லும். டீ ஆத்திக்கிட்டே கடைக்காரர் தலையாட்டுவார். போனை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல டிசைன்னா இதுதான்.

இன்டர்ஃபேஸ் என்றால் என்ன?

கருவிக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் திரை, பட்டன், எழுத்து, ஒலி எல்லாம் சேர்ந்ததுதான் யூசர் இன்டர்ஃபேஸ். டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் 1994-ல் இதற்கு 10 விதிகளை வகுத்தார். என்ன நடக்கிறது என்பதைப் பயனருக்கு உடனே தெரியப்படுத்த வேண்டும் என்பது முதல் விதி. ஸ்பீக்கர் பெட்டி செய்வது அதைத்தான்.

எங்கே சறுக்கியது?

2016-ல் அறிமுகமான யுபிஐ-யில் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' என்றொரு வசதி இருந்தது. ஒருவர் உங்களிடம் பணம் கேட்டு கோரிக்கை அனுப்பலாம். நீங்கள் பின் நம்பரைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும்.

மோசடிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய கட்டிலை விற்க ஆன்லைனில் விளம்பரம் போட்டவருக்கு போன் வரும். "பணம் அனுப்பிட்டேன் சார், பின் போட்டா உங்க கணக்குக்கு வந்துடும்." போட்டதும் பணம் போய்விடும்.

"இதுகூடவா தெரியாது?" என்று கேட்பது சுலபம். ஆனால் பணம் அனுப்பவும் பின் கேட்கிறது, பேலன்ஸ் பார்க்கவும் பின் கேட்கிறது. அப்போ வாங்குவதற்கும் கேட்கும் என்று ஒருவர் நினைத்தால் அதில் என்ன தப்பு?

எச்சரிக்கை மட்டும் போதுமா?

'பணம் பெற பின் தேவையில்லை' என்று பல வருஷமாகச் சொல்லியும் மோசடி நிற்கவில்லை. கடைசியில், தனிநபர்களுக்கு இடையிலான கலெக்ட் ரிக்வெஸ்டை 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்தியது. தவறு நடந்தபின் எச்சரிப்பதைவிட, தவறு நடக்கவே இடம் கொடுக்காதே என்பதும் நீல்சனின் விதிகளில் ஒன்று.

நீங்கள் ஆப் உருவாக்கும் வேலையில் இருந்தால், அதை ஆபீஸில் மட்டும் சோதிக்காதீர்கள். ஊரில் இருக்கும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, திருத்த வேண்டிய இடம் அது.

அப்படியே அவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: பணம் வாங்க பின் கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் பண்ண வேண்டும்.