செயல்பாட்டு மேலாண்மை: அடிப்படைக் கருத்துகள்

செயல்பாட்டு மேலாண்மை என்பது ஒரு நிறுவனம் தன்னிடமுள்ள ஆட்கள், பொருள்கள், இயந்திரங்கள், இடம், நேரம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு பொருளையோ சேவையையோ உருவாக்கி, வேண்டியவரிடம் வேண்டிய நேரத்தில் சேர்ப்பதைத் திட்டமிட்டு நடத்தும் துறையாகும். முன்பு இதை உற்பத்தி மேலாண்மை என்றே அழைத்தார்கள். ஆலைகளைப் பற்றிய படிப்பாகவே அது இருந்தது. வங்கி, மருத்துவமனை, உணவகம் போன்றவற்றிலும் இதே சிக்கல்கள் உண்டு என்பது தெளிவானபோது பெயரும் விரிந்தது.

பாடநூல்களில் உள்ளீடு, மாற்றம், வெளியீடு என்று மூன்று கட்டங்கள் வரைந்து நடுவில் அம்புக்குறி இட்டிருப்பார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் அந்தப் படத்தில் காத்திருப்பு தெரிவதில்லை. எந்த வேலையிடத்திலும் ஏதாவது ஒன்று மற்றொன்றுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். பொருள் இயந்திரத்துக்காகவோ, இயந்திரம் ஆளுக்காகவோ, வாடிக்கையாளர் ஊழியருக்காகவோ காத்திருப்பார்கள். இதை முற்றிலும் ஒழிக்க முடியாது. எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்வதே இத்துறையின் பெரும்பகுதி வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கருத்துகள் எல்லாம் ஒரே சரட்டில் கோத்தவை என்பது புரியும்.

கொள்திறனும் இடுக்கும்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் பாடமாக நடத்தப்படுகிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இல் அதைப் பற்றி ஒரு ஆய்வுப் பாடம் வெளியிட்டது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது இம்மருத்துவமனை. கண்புரையால் பார்வை இழந்தவர்கள் ஏராளம். அறுவை செய்யத் தெரிந்த மருத்துவர்கள் மிகக் குறைவு. பணம் உள்ளவரிடம் கட்டணம் வாங்கி, இல்லாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ செய்வது என்பது ஏற்பாடு. அப்படியானால் ஒவ்வொரு அறுவைக்கும் ஆகும் செலவு குறைந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் இலவசம் நெடுநாள் நீடிக்காது.

அங்கே மருத்துவரின் நேரம்தான் அரிதானது. ஆகவே மருத்துவர் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தார்கள். அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போது மற்றொன்றில் அடுத்த நோயாளியைச் செவிலியர்கள் தயார் செய்துவிடுவார்கள். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அடுத்த மேசைக்குத் திருப்பிக்கொள்வார்.

இதனால் என்ன ஆகிறது என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. அறுவைக்கு 10 நிமிடம், ஒரு நோயாளியை இறக்கி அடுத்தவரைத் தயார் செய்ய 10 நிமிடம் என்று கொள்வோம். ஒரே மேசை இருந்தால் ஒருவருக்கு 20 நிமிடம் ஆகும். ஆறு மணி நேரத்தில் 18 அறுவைகள். இரண்டு மேசை இருந்தால் 10 நிமிடத்துக்கு ஒன்று வீதம் 36. மருத்துவரின் கை ஒரு நொடிகூட வேகமாக ஓடவில்லை. அவர் சும்மா நின்ற நேரம் மட்டுமே போயிற்று. சரி, மூன்றாவது மேசை போட்டால் 54 ஆகுமா? ஆகாது. 36தான். இப்போது தடை மேசையில் இல்லை, மருத்துவரிடம் இருக்கிறது. மூன்றாவது மேசையில் படுத்திருப்பவர் தயாராகி, கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

ஒரு தொடர்வேலையில் மிகக் குறைந்த கொள்திறன் உள்ள கட்டத்தை ஆங்கிலத்தில் பாட்டில்நெக் என்பார்கள். புட்டி எவ்வளவு அகலமாக இருந்தாலும் நீர் கழுத்தின் அளவுக்குத்தான் வெளியே வரும். தமிழில் இடுக்கு எனலாம். முழு வேலையின் வேகம் இடுக்கின் வேகமே. இடுக்கில் இழந்த ஒரு மணி நேரம் முழு நிறுவனமும் இழந்த ஒரு மணி நேரம். மற்றக் கட்டங்களில் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்தால் பெரும்பாலும் ஒரு பயனும் இல்லை. எலியாகு கோல்ட்ராட் 1984இல் வெளிவந்த ‘தி கோல்’ என்ற நூலில் இதை ஒரு தொழிற்சாலைக் கதையாகவே எழுதிப் பரப்பினார்.

அரவிந்தில் இடுக்கைக் காக்க இன்னொன்றும் செய்தார்கள். பார்வை அளவிடுதல், கண் அழுத்தம் பார்த்தல், அறுவைக்குத் தயார் செய்தல், ஆலோசனை சொல்லுதல் போன்றவற்றை, பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து அவர்களிடம் ஒப்படைத்தார்கள். நோயறிதலும் அறுவையும் மட்டும் மருத்துவரிடம் நின்றன. அங்குள்ள ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவைகள் செய்கிறார் என்று சொல்லப்படுவது இந்த வேலைப் பிரிவினையால்தான்.

எல்லோரும் எப்போதும் வேலையாக இருக்க வேண்டுமா?

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. சும்மா இருப்பது வீண் என்பது நமக்குச் சிறுவயதிலேயே பதிந்துவிட்ட எண்ணம். அதனால் ஊழியரும் இயந்திரமும் நூறு விழுக்காடு வேலையில் இருந்தால் அதுவே சிறந்த மேலாண்மை என்று எழுதிவிடுகிறார்கள். வாடிக்கையாளர் எப்போது வருவார் என்று தெரியாத இடத்தில் இது முற்றிலும் தவறு.

ஒரு கவுண்டரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சராசரியாக 6 நிமிடம். அதாவது மணிக்கு 10 பேரைக் கவனிக்கலாம். ஆட்கள் சீராக வராமல் முன்பின்னாக வருகிறார்கள். ஒருவர் வேலை இரண்டு நிமிடத்தில் முடிகிறது, இன்னொருவருடையது இருபது நிமிடம் இழுக்கிறது. வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரப்படி, மணிக்கு 5 பேர் வந்தால் சராசரிக் காத்திருப்பு 6 நிமிடம். 8 பேர் வந்தால் 24 நிமிடம். 9 பேர் வந்தால் 54 நிமிடம். சராசரி ஒன்பதரை ஆனால் 114 நிமிடம், ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குப் போன அந்த அரைப் பங்குதான் காத்திருப்பை இரு மடங்குக்கு மேல் ஆக்கியது. ஊழியர் எந்தச் சோம்பலும் காட்டவில்லை என்பதைக் கவனிக்கவும். கவுண்டரில் இருப்பவரைத் திட்டுகிற நமக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் நல்லது.

ஆகவே கொஞ்சம் ஓய்ந்த கொள்திறன் வைத்திருப்பது வீண் அல்ல. நிச்சயமின்மைக்குக் கொடுக்கும் விலை. நிச்சயமின்மையையே குறைத்தால் அந்த விலையும் குறையும். கண் முகாம்கள் முன்கூட்டியே நாள் குறித்து நடத்தப்படுவதால், எத்தனை பேர் அறுவைக்கு வருவார்கள் என்பதை மருத்துவமனை ஓரளவு முன்னதாகவே கணித்து ஆட்களையும் படுக்கைகளையும் ஒதுக்க முடிகிறது. முன்பதிவு, டோக்கன், நேரம் குறித்துக் கொடுத்தல் ஆகியவை எல்லாம் இதே நோக்கம் கொண்டவை.

இங்கே லிட்டில் விதியையும் சொல்லிவிட வேண்டும். ஜான் லிட்டில் 1961இல் இதற்கு நிரூபணம் தந்தார். உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை, வரும் வீதத்தை ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கிய தொகைக்குச் சமம். புறநோயாளிப் பிரிவுக்கு மணிக்கு 60 பேர் வந்து ஒவ்வொருவரும் இரண்டரை மணி நேரம் இருந்தால், உள்ளே எப்போதும் சுமார் 150 பேர் இருப்பார்கள். கூடத்தில் 100 நாற்காலிதான் என்றால் 50 பேர் நிற்பார்கள். நாற்காலி வாங்குவது ஒரு வழி. இரண்டரை மணியை நூறு நிமிடமாகக் குறைப்பது மற்றொரு வழி. ஆலையில் பாதி முடிந்து கிடக்கும் பொருள்களுக்கும், அலுவலகத்தில் தேங்கும் கோப்புகளுக்கும் இதே விதிதான்.

சரக்கிருப்பு

பொருள் காத்திருந்தால் அதற்குப் பெயர் சரக்கிருப்பு. பொருளுக்கு வாய் இல்லை, புகார் சொல்லாது. ஆனால் அதில் முடங்கிய பணத்துக்கு வட்டி உண்டு, கிடங்குக்கு வாடகை உண்டு, கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. குறைவாக வாங்கினால் அடிக்கடி ஆர்டர் செய்யும் செலவு ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வாங்குவது என்பதற்கு 1913இல் ஒரு சூத்திரம் தந்தவர் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். (பெயரில் ஃபோர்டு இருந்தாலும் கார் கம்பெனிக்கும் இவருக்கும் உறவில்லை.) ஆண்டுத் தேவையையும் ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவையும் பெருக்கி, இரட்டித்து, ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இதுவே சிக்கன ஆர்டர் அளவு.

ஆண்டுக்கு 1,200 பொருள் வேண்டும். ஆர்டர் செலவு 300 ரூபாய். வைத்திருக்கும் செலவு 8 ரூபாய் என்றால் விடை 300. அதாவது ஆண்டுக்கு நான்கு முறை. ஆர்டர் செலவு 1,200, சராசரி இருப்பான 150 பொருளுக்கு வைத்திருக்கும் செலவு 1,200, ஆக 2,400 ரூபாய். தவறிப்போய் 400 ஆக வாங்கினாலும் மொத்தம் 2,500தான். சூத்திரம் அவ்வளவு கறாரானது அல்ல. தோராயமாகச் சரியாக இருந்தால் போதும்.

ஜப்பானின் டொயோட்டா இந்தச் சூத்திரத்தை வேறு கோணத்தில் பார்த்தது. ஹாரிஸின் கணக்கில் ஆர்டர் செலவு மாறாதது. ஆலைக்குள் அதற்கு ஈடானது, அச்சை மாற்றி இயந்திரத்தை அடுத்த வேலைக்குத் தயார் செய்யும் செலவு. அதை ஏன் மாறாதது என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்று தாயிச்சி ஓனோவும் அவருடன் இருந்தவர்களும் கேட்டார்கள். மணிக்கணக்கில் ஆன அச்சு மாற்றத்தை நிமிடக் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். மேற்கண்ட கணக்கில் 300 ரூபாயை 3 ரூபாயாக்கிப் பாருங்கள். விடை 300 அல்ல, 30. சிறிது சிறிதாகச் செய்வதே மலிவாகிவிடுகிறது. அமெரிக்கப் பல்பொருள் அங்காடியில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே அலமாரி நிரப்பப்படுவதை முன்மாதிரியாகக் கொண்டு, அடுத்த கட்டம் கேட்டால் மட்டும் முந்தைய கட்டம் செய்ய வேண்டும் என்று வகுத்தார் ஓனோ. அப்படிக் கேட்கப் பயன்பட்ட அட்டைதான் கான்பான். இம்முறையை ஜஸ்ட் இன் டைம் என்கிறோம்.

இதன் ஆபத்து 1997 பிப்ரவரி 1ஆம் தேதி தெரிந்தது. டொயோட்டாவுக்குப் பிரேக் வால்வு ஒன்றைச் செய்து கொடுத்த ஐசின் நிறுவனத்தின் காரியா ஆலையில் தீப்பிடித்தது. கிட்டத்தட்ட எல்லா வால்வுகளும் அங்கிருந்தே வந்தன. டொயோட்டாவிடம் இருந்த இருப்போ மிகச் சொற்பம். சில நாள்களில் ஜப்பானில் இருந்த அதன் பெரும்பாலான ஆலைகள் நின்றன. பல நிறுவனங்கள் தத்தம் பட்டறைகளில் அந்த வால்வைச் செய்து கொடுக்க முன்வந்ததால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் உற்பத்தி மீண்டது. சரக்கிருப்பை வீண் என்று மட்டும் படித்தவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கண் அறுவையில் வைக்கும் உள்விழி வில்லையை எண்ணிப் பார்த்தாலே போதும். ஒவ்வொரு கண்ணுக்கும் வில்லையின் பவர் வேறு; ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைக்க முடியாது. சில ரூபாய் மிச்சம் பிடிக்க வில்லை இருப்பைக் குறைத்து, மருத்துவரும் நோயாளியும் காத்து நின்றால் அது சிக்கனம் ஆகாது. இப்படி எதிர்பாராததற்காகக் கூடுதலாக வைப்பது காப்பு இருப்பு. (வில்லையின் விலையையே குறைக்க அரவிந்த் 1992இல் ஆரோலேப் என்ற சொந்த உற்பத்திக்கூடத்தைத் தொடங்கியது.)

தரமும் தொழிலாளரும்

வேகம் கூடினால் தரம் குறையும் என்பது பொதுவான அச்சம். பிழையான அறுவையை மறுபடி செய்வதும் இடுக்கின் நேரத்தைத்தான் தின்னும் என்பதால், வேகம் வேண்டுபவர்தான் தரத்தில் கூடுதல் கண்டிப்பாக இருக்க வேண்டும். 1924இல் வால்டர் ஷூவார்ட் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம் இதற்கான கருவி. எந்த வேலையிலும் இயல்பான ஏற்ற இறக்கம் உண்டு. புள்ளி அந்த எல்லைக்குள் இருக்கும்போது ஊழியரைப் பிடித்துக் கேள்வி கேட்டுப் பயனில்லை. முறையைத்தான் மாற்ற வேண்டும். எல்லை தாண்டினால் குறிப்பிட்ட காரணத்தைத் தேட வேண்டும்.

மனிதர் காத்திருக்கக் கூடாத பொருளல்ல, களைப்படைபவர். ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913இல் நகரும் அசெம்பிளி லைன் வந்தபோது, ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து சுமார் ஒன்றரை மணியாகக் குறைந்தது. நாள் முழுதும் ஒரே திருகை முடுக்கப் பொறுக்காமல் ஆட்கள் ஓடினார்கள். அவ்வாண்டு சுமார் 14,000 பேர் கொண்ட ஆலையை நடத்த 50,000க்கு மேற்பட்டவர்களை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஃபோர்டு நாளொன்றுக்கு 5 டாலர் கூலியை அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபோர்டின் ஆலையில் லைன் நிற்காமல் ஓடுவதே முக்கியம். டொயோட்டாவில் தொழிலாளியின் தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும். பிழையைக் கண்டால் யாரும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத் தலைவர் வருவார். அந்தக் கட்டத்துக்குரிய நேரத்துக்குள் கோளாறு சரியானால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், ஆகாவிட்டால் நின்றுவிடும். அப்போது மற்ற அனைவரும் காத்திருப்பார்கள்.