தூங்கினால் கூலி போச்சு... ஆண்டிபட்டி கணவாயைக் கடக்கும் லாரி ஓட்டுநர்களின் கணக்கு!

மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில், உசிலம்பட்டியைத் தாண்டினால் ஆண்டிபட்டி கணவாய். ஊரே உறங்கிய பிறகும் இந்த மேட்டில் லாரிகளின் முனகல் ஓய்வதில்லை. சின்னமனூர் வாழைத்தார், கம்பம் திராட்சை, போடி ஏலக்காய் என்று பள்ளத்தாக்கின் விளைச்சலை மதுரைப் பக்கம் கொண்டுசெல்லும் முக்கியமான வழி இதுதான். விடிவதற்குள் சரக்கு சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால், வண்டி ஓட்டியவர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று யாரும் கேட்பதில்லை.

நடைக்குத்தான் கூலி!

பல லாரிகளில் ஓட்டுநருக்கு நிலையான மாதச் சம்பளம் கிடையாது. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி, கூடவே சாப்பாட்டுக்கு பேட்டா. லோடு ஏற்றவும் இறக்கவும் மணிக்கணக்கில் காத்துக்கிடப்பதற்குத் தனியாகக் காசு இல்லை. அந்த நேரத்தை ஈடுகட்ட, தூக்கத்தைத்தான் வெட்ட வேண்டும். முன்பெல்லாம் பேச்சுத்துணைக்கு கிளீனர் இருப்பார். இப்போது பல வண்டிகளில் அவரும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்தது. நெடுந்தூர ஓட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் தளர்வு. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேர ஓய்வும் உண்டு. ஆனால், 5 தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும். ஓரிரு லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்ப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு எட்டவில்லை.

2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பில், அந்த 5 பேர் வரம்பு 10 ஆக உயர்ந்துவிட்டது. வெளியே நிற்பவர்களின் வரிசை இன்னும் நீள்கிறது.

2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி கேபின் கட்டாயம் என்பது நல்ல செய்திதான். பழைய வண்டி ஓட்டுபவருக்கு அதனால் பயனில்லை.

கையில் ஒரு சீட்டு

ஒரு வழி திறந்திருக்கிறது. 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு இல்லை. ஒரே ஒரு லாரி வைத்திருப்பவரும் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும்; கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலியும், சம்பளச் சீட்டும் தர வேண்டும். வாய்க்கணக்கில் ஓடும் தொழிலில் அந்தச் சீட்டுதான் ஓட்டுநரின் சாட்சி. அதோடு, தமிழ்நாட்டின் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொண்டால், விபத்து, மரணம், பிள்ளைகளின் படிப்பு போன்றவற்றுக்கு உதவித்தொகை கேட்கலாம்.

முதலாளிகளுக்கும் டீசல், டோல், தவணை என்று நெருக்கடிகள் உண்டு. சரக்கை அனுப்புபவர் வாடகையைக் குறைத்தால், அந்தச் சுமை கடைசியில் ஓட்டுநரின் கண்ணிமையில்தான் வந்து இறங்குகிறது. அந்த இமை ஒரு நொடி மூடினால், எதிரே வரும் பேருந்தில் இருப்பது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்!