செரி மரத்தின் கழிவும் வியாபாரியின் அமானிதமும்

கறுவாத் தோட்டக்காரர் பட்டையை உரித்த பின்னர் இலையை எறிந்து விடுவதில்லை. அதிலிருந்து எண்ணெய் வடித்து விற்கிறார். தென்னையில் சிரட்டையும் தும்பும் காசாகின்றன. இதே கணக்கைக் குளிர் நாடுகளில் இப்போது செரி மரத்துக்கும் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தச் சாமான்கள் மூலிகைத் தேநீராகவும் குளிசையாகவும் எந்தச் சந்தைக்கும் வரக்கூடியவை. ஆகவே வாங்கி விற்க முன்னர் வியாபாரிகளாகிய நாம் அவற்றைப் பற்றி அறிந்து வைப்பது நல்லது.

இனிப்புச் செரி உற்பத்தியில் பல வருடங்களாக முன்னணியில் நிற்கும் நாடு துருக்கி. ஈரான், ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய நாடுகளிலும் தோட்டங்கள் உள்ளன. பழத்தை விற்று, சாறு பிழிந்து, ஜேம் காய்ச்சிய பிறகு காம்பு, இலை, கொட்டை, தோல் சக்கை என்பன மிஞ்சுகின்றன.

காய்ந்த காம்பை அவித்துக் குடிப்பது துருக்கியிலும் ஈரானிலும் பழைய கைமருந்து. சிறுநீர் தாராளமாகப் போகவும் வீக்கம் வற்றவும் குடிப்பார்கள். காம்பிலும் இலையிலும் குளோரோஜெனிக் அமிலம், கட்டசின் போன்ற பொலிபீனோல்கள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுள்ளனர். தோல் சக்கையில் சிவப்பு நிறம் தரும் அந்தோசயனின் இருக்கிறது. இவற்றை அன்டிஒக்ஸிடன்ட் என்பார்கள். இரும்பில் துருப் பிடிப்பது போன்று உடற்கலங்களில் ஏற்படும் சேதத்தைத் தடுக்கக் கூடியவை என்பது அதன் பொருள். அழற்சியைக் குறைக்கும் தன்மையும் சில கிருமிகளைக் கட்டுப்படுத்தும் தன்மையும் ஆய்வுகூடத்தில் காணப்பட்டுள்ளன.

இந்த இடத்தில்தான் நிதானம் தேவை. இச்சோதனைகளில் பெரும்பாலானவை கண்ணாடிக் குழாயிலும் எலிகளிலும் செய்யப்பட்டவை. மனிதரின் நோயைக் காம்புத் தேநீர் குணமாக்கும் என்று அவை நிரூபிக்கவில்லை. அத்துடன், கட்டசின் எமது தேயிலையிலும் தாராளமாக உண்டு. குளோரோஜெனிக் அமிலம் கோப்பியிலும் உண்டு. புதுப் பெயருக்காக மட்டும் பெரிய விலை கொடுத்து விடக் கூடாது.

கொட்டை விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சுத்தம் செய்த கொட்டைகளைத் துணிப்பையில் இட்டுச் சூடாக்கி, வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் தலையணையாக ஜேர்மனியில் விற்கிறார்கள். அதில் ஆபத்தில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் உண்டு. பருப்பை மென்றாலோ அரைத்தாலோ அதிலிருந்து சயனைட் நஞ்சு வெளிப்படும். இந்த அமிக்டலினைத்தான் “விட்டமின் பி17” என்று பெயர் சூட்டிப் புற்றுநோய் மருந்தாக விற்றார்கள். அது விட்டமினே அல்ல. அமெரிக்காவில் 178 நோயாளிகளிடம் பரிசோதித்து 1982இல் வெளியிட்ட முடிவில் அதனால் பயன் எதுவும் இல்லை என்று தெரிந்தது. சிலரது இரத்தத்தில் சயனைட்டும் ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது. அரபு நாடுகளில் பெருநாள் பலகாரமான மஅமூலில் சேர்க்கும் மஹ்லப், வேறொரு காட்டுச் செரியின் பருப்பு. அதையும் வாசனைக்காகச் சிறிதளவே இடுகிறார்கள்.

எமது நாட்டில் இதன் பாரதூரம் அதிகம். அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் சிறுநீரக நோயால் எத்தனையோ குடும்பங்கள் கஷ்டப்படுகின்றன. “கிட்னிக்கு நல்லது” என்று பெக்கட்டில் அச்சடித்தால் முதலில் வாங்குவது அந்த நோயாளிகள்தான். சிறுநீரைக் கூட்டும் பொருளை வைத்தியரிடம் கேளாமல் அவர்கள் குடிப்பது ஆபத்து. பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், பொய்யான அல்லது மக்களைத் தவறாக வழிநடத்தும் லேபலைத் தடை செய்கிறது. எமக்கு அதற்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் எல்லோரும் அறிந்ததே. ஆதாரமில்லாத மருத்துவக் குணத்தை லேபலில் எழுதுவதும் அந்த ஈரத்தை மறைப்பது போன்றதே என்பது எனது கருத்து.

ஆகவே இத்தகைய சாமான் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். மரத்தின் எந்தப் பாகம்? சோதித்தது மனிதரிலா, எலியிலா? லேபலில் உள்ளதை வைத்தியர் ஒருவரின் முன்னால் தைரியமாக வாசிக்க முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், வாசனையான பானம் என்று சொல்லியே விற்கலாம். இலாபம் கொஞ்சம் குறையலாம். ஆனால் வாங்கியவர் மறுபடியும் எமது கடைக்கே வருவார், இன்ஷா அல்லாஹ்.