மைல்கல்லைப் படம் பிடித்தல்

நெடுஞ்சாலையில் பயணம் செய்யும்போது ஓரத்தில் பாதி புதைந்து நிற்கும் பழைய மைல்கற்களைக் கண்டிருப்பீர்கள். 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை வந்தது. மைல் கிலோமீட்டருக்கு இடம் கொடுத்தது. அக்கற்களுக்கும் அலுவல் இல்லாது போயிற்று. சாலையை அகலப்படுத்தும்போது பெயர்த்தெடுத்த கல் எவர் வீட்டுப் படியாகுமோ, யாரறிவார்? ஆதலின், வண்டியைச் சற்றே நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்வது நற்செயலே. ஆனால், படத்தில் எண் தெரியவில்லையெனில் அது வெறுங்கல்லின் படமேயன்றி மைல்கல்லின் படமாகாது.

சில கற்களில் தமிழ் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ௧ என்பது ககரம் போலவும், ௨ என்பது உகரம் போலவும், ௭ என்பது எகரம் போலவும் தோன்றுவதால், இன்றைய மாணவர் அவற்றை எவருடைய பெயரின் முதலெழுத்தோ என்று எண்ணிவிடுகின்றனர். இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. நான்கைக் குறிக்கும் ௪ என்பது சகரம் போன்றது. ஆறைக் குறிக்கும் ௬ என்பது ‘சு’ போன்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு வாலே. மழையிலும் வெயிலிலும் அவ்வால் தேய்ந்துவிட்டால் ஆறு மைல் நான்கு மைலாகிவிடும்!

தேய்ந்த வாலைக் காட்டவல்லது ஒளி ஒன்றே. கல்லின் நிறமும் உளிக்கோட்டின் நிறமும் ஒன்றுதான். கோட்டில் இருப்பது பள்ளம் மட்டுமே. ஒளி கல்லின் முகத்தில் நேராக விழுந்தால் பள்ளத்தில் நிழல் தங்காது. முகத்தை உரசிக்கொண்டு சாய்வாக விழுந்தால், மயிரிழை ஆழமுள்ள கோடும் கறுத்துத் தெரியும்.

‘காலையிலும் மாலையிலும் எடுங்கள்’ என்று பலரும் கூறுவர். தரையில் படுத்திருக்கும் கல்வெட்டுக்கு அது பொருந்தும். நிமிர்ந்து நிற்கும் மைல்கல்லுக்கு எப்போதும் பொருந்தாது. கிழக்கு நோக்கிய கல்லின்மீது காலைக் கதிர் நேர் எதிரே நின்று விழும், எழுத்து மறைந்துவிடும். அதே கல்லை முற்பகல் பதினொரு மணிக்குப் பாருங்கள். மேலிருந்து வழியும் வெயிலில் எழுத்துக்கள் எழுந்து நிற்கும். வடக்கு நோக்கிய கல்லில் மார்கழி, தை மாதங்களில் வெயிலே படாது. அப்போது முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றால் வெயிலைப் பக்கவாட்டிலிருந்து திருப்பிவிடலாம்.

மற்றொன்றையும் மனத்தில் கொள்க. ஒளி செல்லும் திசையிலேயே ஓடும் கோட்டில் நிழல் விழாது. மேலிருந்து வரும் ஒளியில் கிடைக்கோடு தெரியும், நிலைக்கோடு ஒளிந்துகொள்ளும். ஆதலால் இருவேறு திசை ஒளியில் இரண்டு படங்கள் வேண்டும். சுவரில் தீட்டிய பழைய விளம்பரத்துக்கு இவ்வளவு தொல்லை இல்லை. அங்கே பள்ளமில்லை, நிறமே உண்டு. மேகமூட்டமான நாளே அதற்கு நல்லது.

எழுத்து விளங்கவில்லையென்று சாக்குக்கட்டியால் அதன்மேல் வரைபவர்களைக் கண்டிருக்கிறேன். இது கூடாது. ஐயமாக இருந்த வாலை அவர் வரைந்தபின், அது கல்லின் எழுத்தன்று, அவருடைய ஊகம். கம்பித் தூரிகையும் அமிலமும் இதனினும் கொடியவை.

தருமபுரி வட்டாரத்தில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று, அதியமான் பெருவழியில் நாவல்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. தொலைவை எண்ணால் பொறித்ததோடு குழிகளாலும் காட்டியிருக்கின்றனர். பெரிய குழி ஒன்று பத்துக்கு. சிறிய குழி ஒன்று ஒன்றுக்கு. எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கரும் குழிகளை எண்ணி அறிந்துகொள்ளலாம். நமக்கோ, எண் தேய்ந்தாலும் சரிபார்க்கக் குழிகள் இருக்கின்றன.

பிற்கால மைல்கற்களில் அந்தக் காப்பு இல்லை. அவற்றுக்குப் பக்கத்துக் கல்லே சான்று. ஆகவே படத்துடன், கல் சாலையின் எப்பக்கம் நின்றது, எத்திசை நோக்கியது, அடுத்த கல் எங்கே என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவு விளங்க ஓர் அடிக்கோலையும் அருகில் வையுங்கள். ௪-ஆ, ௬-ஆ என்று ஐயம் எழுந்த கல்லிலிருந்து, கல்லில் குறித்த ஊரை நோக்கி ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் செல்லுங்கள். அங்கே ௫ என்றிருந்தால் நீங்கள் விட்டுவந்தது ஆறாவது மைல். ௩ என்றிருந்தால் நான்காவது. அடுத்த கல்லையும் பெயர்த்துவிட்டார்களெனில், சாய்ந்த ஒளியில் எடுத்த அந்தப் படம் ஒன்றே மிஞ்சும்.