அடித்தது யார், பயந்தது யார்

கோட்டக்குப்பத்துக்கு ஊர் எல்லையே மாநில எல்லை. புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டினால் தமிழ்நாடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்சம் வடக்கே போனால், காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. அங்கே 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம். தெற்கே புதுச்சேரி நகரத்துக் கல்லூரிகள். மரக்காணத்து உப்பளத்தில் கூடை சுமந்தவர்களின் பேத்திகளும், வெளிநாட்டுப் பணத்தில் மாடி கட்டிய வீட்டுப் பிள்ளைகளும் இன்று ஒரே பேருந்தில் தொற்றிக்கொண்டு படிக்கப் போகிறார்கள். காதலும் அதே பேருந்தில்தான் தொடங்குகிறது.

அன்று காதல் என்றால் கடிதம். தோழியின் தம்பி கையில் ஒரு மிட்டாயோடு போகும். எஸ்டிடி பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசி முடிப்பார்கள். பெண் பயப்பட வேண்டியது காதலனைப் பார்த்து அல்ல, பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அந்நியனைப் பார்த்து. சட்டமும் அப்படித்தான் நினைத்தது. 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவர் தெருச் சீண்டலில் உயிரிழந்த பிறகு, தமிழ்நாடு அவசரமாக ஈவ் டீசிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் மனத்தில் இருந்த ஆள் முகம் தெரியாத ரோட்டோர ஆண்.

அந்த முகம் மெல்ல மெல்லத் தெரிந்த முகமானது. 2012 நவம்பரில் காரைக்காலில் ஓர் இளம் பொறியாளர் மீது அமிலம் வீசியவன் குடும்பத்துக்கு அறிமுகமானவன். அந்தப் பெண் மூன்று மாதம் போராடி, 2013 பிப்ரவரியில் இறந்துபோனார். 2018 மார்ச்சில் சென்னை கே.கே. நகரில் ஒரு மாணவி கல்லூரி வாசலருகே குத்திக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் இன்னொரு மாணவி ஓடும் ரயில் முன் தள்ளப்பட்டார். தள்ளியவன் முன்பு பழகியவன்தான். பெண் பேச்சை நிறுத்திய பிறகு நடந்தது அது. பத்திரிகைகள் எல்லாவற்றையும் ‘ஒருதலைக் காதல்’ என்ற ஒரே தலைப்பில் போட்டு முடித்தன. எனக்கு அந்தத் தலைப்பின் மேல் நெடுநாள் கோபம். கொலைக்குப் போய்க் காதல் என்று பெயர் வைத்தால், கொன்றவன் மேல் பாதி இரக்கம் தானாக வந்துவிடுகிறது.

இன்று கொலை வரை போகாத வன்முறைதான் அதிகம். அது காதலுக்கு உள்ளேயே நடக்கிறது. “லைவ் லொக்கேஷன் போடு.” “வீடியோ கால் வா, பக்கத்துல யாருன்னு காட்டு.” “நைட் ரெண்டு மணிக்கு யார்கூட ஆன்லைன்?” இன்ஸ்டா பாஸ்வேர்டைப் பரிமாறிக்கொள்வது நிச்சயதார்த்தத்துக்குச் சமம். சண்டையில் போனைப் பிடுங்குவது, கையை முறுக்குவது, கன்னத்தில் ஒன்று வைப்பது. கேட்டால், “ரொம்ப பொசசிவ்” என்று பெருமையாகவே சொல்வார்கள்.

இதில் பெண்களும் சளைத்தவர்கள் அல்ல. 1981இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மேக்பீஸ் கல்லூரிக் காதலர்களிடையே வன்முறையைக் கணக்கெடுத்தார். ஐந்தில் ஒருவருக்கு நேரடி அனுபவம் இருந்தது. பின்னால் மர்ரே ஸ்ட்ராஸ் 16 நாடுகளின் 31 பல்கலைக்கழகங்களில், இந்தியா உட்பட, மாணவர்களையே கேட்டார். கடந்த ஓராண்டில் துணையைத் தள்ளினேன், அடித்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் 17 முதல் 45 சதவீதம் வரை. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். ஜான் ஆர்ச்சர் 2000இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கை ஓங்குவதில் பெண்கள் ஒரு மயிரிழை கூடவே இருந்தார்கள். ஆனால் காயப்பட்டவர்களில் 62 சதவீதம் பெண்கள்.

அடித்தவர்களின் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, “பாத்தியா, பொண்ணுங்களும் அடிக்கிறாங்க” என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் கூட்டம் உண்டு. எத்தனை அறை என்று எண்ணிவிடலாம். அறைக்குப் பிறகு யார் வீடு திரும்பப் பயந்தார்கள் என்பது அந்தக் கேள்வித்தாளில் வராது. அவள் அடித்தால் அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான்; வலித்தாலும் சிரிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கேலி. அவன் அடித்தால் அவள் காலரை ஏற்றிவிட்டுக்கொண்டு, “வண்டியில இருந்து விழுந்துட்டேன்” என்பாள். அவளுடைய அந்தரங்கப் போட்டோ அவன் கையில் இருந்தால் அதையும் சொல்ல மாட்டாள்.

கோட்டக்குப்பம் மாதிரி எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் இன்னொரு விலையும் இருக்கிறது. விஷயம் வீட்டுக்குப் போனால் பையனுக்கு ஒரு வாரம் திட்டு. பெண்ணுக்குக் கல்லூரியே நின்றுவிடும், அடுத்த மாதம் மாப்பிள்ளை பார்ப்பார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள் ஓர் அறையை விழுங்கிக்கொள்வது கோழைத்தனத்தால் அல்ல, கணக்குப் போட்டுத்தான்.

சட்டத்திடம் போனால்? 2010இல் வேலுசாமி – பச்சையம்மாள் வழக்கில், வார இறுதிகளைச் சேர்ந்து கழிப்பது மட்டும் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2013இல் பின்தொடர்தல் தனிக் குற்றமானது, ஆண் பெண்ணைப் பின்தொடர்ந்தால் மட்டும். பின்தொடரப்படும் பையனுக்கு அதில் இடமில்லை. கல்லூரிகளுக்கான யூஜிசியின் 2015 விதிகள் கொஞ்சம் பரவாயில்லை. மாணவர்களில் ஆண்களையும் மூன்றாம் பாலினத்தவரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. அந்த விதிகளின்படி உள்ளகப் புகார்க் குழு இருப்பது எத்தனை மாணவர்களுக்குத் தெரியும் என்பது வேறு கதை.

காவல் நிலையத்திலும் இங்கே எல்லைதான் குறுக்கே நிற்கும். அறை விழுந்தது புதுச்சேரிக் கடற்கரையில், வீடு கோட்டக்குப்பத்தில் என்றால், “எங்க லிமிட் இல்லம்மா, அந்தப் பக்கம் போங்க” என்று அனுப்பிவிட வசதியான இடம் இது. 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். எல்லை காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. அந்தப் பிரிவு எண்ணைத் தெரிந்துகொண்டு போகிற பெண்ணும் எழுத்தரிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: “வீட்டுக்கு போன் பண்ணுவீங்களா சார்?”