டெஃப் லெப்பர்ட்: ஏறியும் இறங்கியும்
ஹார்ட் ராக் இசைக்குழு | ஷெஃபீல்டு, இங்கிலாந்து | 1977 முதல்

எஃகு ஆலைகளுக்குப் பெயர்போன ஷெஃபீல்டில் பதின்வயது இளைஞர்கள் தொடங்கிய குழு இது. 1983இல் வந்த ‘பைரோமேனியா’ அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது. முதலிடத்தில் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ அசையாமல் இருந்தது.

1984 டிசம்பர் 31 அன்று நேர்ந்த கார் விபத்தில் டிரம்மர் ரிக் ஆலன் இடது கையை இழந்தார். அவருக்கு வயது 21. குழு அவரை விலக்கவில்லை. இடது கை செய்த வேலையை இடது கால் செய்யும்படி, மிதிகள் பொருத்திய மின்னணு டிரம் தொகுப்பு அவருக்காக உருவானது. 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டன் ராக் இசை விழாவில் அவர் வாசித்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது.

இழுபறியாக நீண்ட ஒலிப்பதிவுக்குப் பின் 1987இல் ‘ஹிஸ்டீரியா’ வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

1991 ஜனவரியில் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிளார்க் 30 வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு ‘அட்ரினலைஸ்’ பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம் பெற்றது. பின்னர் கிரஞ்ச் என்ற ராக் பாணியின் அலையில் ரசனை மாறியது; 1996இன் ‘ஸ்லாங்’ முந்தைய விற்பனையை எட்டவில்லை. ஆனாலும் குழு கலையவில்லை. 2019இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றது.